களத்துப் பூனையும் குட்டிகளும்: பாதுகாக்கும் முறைகள்

உழவனுடைய உழைப்பில் பங்கு கேட்காமலே பங்கெடுத்துக் கொள்ளும் உயிர் எலி. வயலில் கதிரை அறுத்து வளைக்குள் சேர்ப்பது அதுவே. களத்தில் நெல்லைக் கொறிப்பதும், பத்தாயத்தைத் துளைப்பதும், சாக்கைக் கடித்து விதையைச் சிந்துவதும் அதுவே. தின்பது ஒரு பங்கு என்றால், சிறுநீராலும் புழுக்கையாலும் கெடுப்பது மற்றொரு பங்கு. எலிக்காய்ச்சல் என்னும் கொடிய நோய் எலியின் சிறுநீர் கலந்த நீராலும் சேற்றாலும் மனிதருக்கும் கால்நடைக்கும் பரவுகிறது என்பதையும் உழவர் பெருமக்கள் அறிவர்.

இந்த எலிக்கு இயற்கையிலேயே அமைந்த பகை பூனை. நம் ஊர்களில் தொழுவமும் களமும் உள்ள வீடுகளில் ஒன்றிரண்டு பூனைகள் இருப்பது தொன்றுதொட்டு வரும் வழக்கம். ஆயினும், பசுவுக்கும் ஆட்டுக்கும் காட்டுகின்ற அக்கறையில் நூற்றில் ஒரு பங்கைக்கூட நாம் பூனைக்குக் காட்டுவதில்லை. அது தானாக வந்தது, தானாகப் பிழைக்கும் என்று விட்டுவிடுகிறோம். அதன் பயன், ஈன்ற குட்டிகளில் பல ஒரு திங்களுக்குள் மடிந்து போகின்றன. தாய்ப்பூனை நஞ்சுண்ட எலியைத் தின்று சாகிறது. எஞ்சியவை நோயைச் சுமந்து திரிகின்றன. வீட்டுக் குழந்தையைப் பூனை கீறிய பிறகுதான் அதற்குத் தடுப்பூசி போடவில்லையே என்ற நினைவு வருகிறது. இவற்றைத் தவிர்க்கும் வழிகளை இக்கட்டுரையில் ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

பூனையால் ஆவதும் ஆகாததும்

முதலில் ஓர் உண்மையைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். பூனை மட்டுமே எலித்தொல்லையை ஒழித்துவிடாது. சுண்டெலியையும், வளர்ந்து வரும் இளம் எலிகளையும் அது நன்றாகப் பிடிக்கும். முழு வளர்ச்சியடைந்த பெருச்சாளியைக் கண்டால் பெரும்பாலான பூனைகள் ஒதுங்கிப்போகும். ஆதலின், பூனை வளர்ப்பதோடு தானியத்தை எலி புகாத கலங்களில் வைத்தல், வளைகளை அடைத்தல், வரப்புகளைச் சிறிதாக அமைத்தல், கிட்டி வைத்தல், வயலில் ஆந்தையும் கூகையும் வந்தமரப் பறவைத் தாங்கிகள் நடுதல் ஆகியவற்றையும் ஒருங்கே செய்தல் வேண்டும்.

இரண்டாவது, பட்டினி போட்டால்தான் பூனை எலி பிடிக்கும் என்று கருதுவோர் பலர். இக்கருத்து தவறானது. வேட்டையாடுதல் பூனையின் பிறவிக்குணம். வயிறு நிறைந்திருந்தாலும் அசையும் எலியை அது விடாது. மாறாக, பட்டினி கிடக்கும் பூனை இரை தேடித் தொலைதூரம் செல்லும். அண்டை வீட்டுக் கோழிக்குஞ்சைத் தூக்கும், சாலையைக் கடக்கும், மெலிந்து நோய்க்கு இரையாகும். நாள்தோறும் குறித்த நேரத்தில் உணவு பெறும் பூனையோ களத்தை விட்டு அகலாது, அங்கேயே காவல் இருக்கும்.

ஒரு களத்துக்கு இரண்டு அல்லது மூன்று பூனைகள் போதும். அதற்கு மேற்பட்டால் உணவும் மருத்துவமும் அளிப்பது கடினமாகும். தோட்டத்துக்கு நன்மை செய்யும் பறவைகளும் ஓணான்களும் அழியும்.

தங்கும் இடம்

பூனைக்கு வேண்டுவது மாளிகை அன்று. நனையாத, காற்றோட்டமுள்ள, நாய் எட்டாத ஓர் இடம் இருந்தால் போதும். மாட்டுக் கொட்டகையில் ஆள் உயரத்தில் ஒரு பரண் அமைத்து, அதன்மேல் பழைய மரப்பெட்டியையோ மூங்கிற் கூடையையோ வைத்து, உலர்ந்த வைக்கோலும் பழஞ்சாக்கும் பரப்பலாம். பரணுக்கு ஏற ஒரு சாய்ந்த கட்டை இருக்க வேண்டும். இறங்குவதற்கு வேறொரு வழியும் இருத்தல் நன்று. நாயோ வேறு பூனையோ ஒரு வழியை மறித்தால் மறுவழியாகத் தப்ப அது உதவும்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையில் படுக்கை ஈரமாகாதபடி பார்த்து, வைக்கோலை அடிக்கடி மாற்ற வேண்டும். கோடையில் தகரக் கூரைக்கு அடியில் உள்ள பரண் சூளை போலாகிவிடும். அக்காலத்தில் படுக்கையைக் கீழிறக்கி, கூரைமேல் தென்னங்கீற்றுப் பரப்புதல் தகும்.

புதிதாக ஒரு பூனையைக் கொண்டுவந்து களத்தில் விட்டவுடன் அது ஓடிவிடுவதை நாம் காண்கிறோம். சாக்கில் கட்டிக் கொண்டுவரப்பட்ட பூனைக்கு அந்த இடம் தனது என்று தெரியாது. இரண்டு முதல் நான்கு வாரம் வரை அதனை ஓர் அறையிலோ வலையடித்த கொட்டிலிலோ அடைத்து, உணவும் நீரும் கழிவுக்கு ஒரு மணல் தட்டும் வைத்துப் பழக்கிய பின்னரே வெளியே விட வேண்டும். அதன்பின் அது அங்கேயே நிலைக்கும்.

உணவும் நீரும்

பூனை ஊனுண்ணி. தயிர்ச் சோற்றையும் பழைய சோற்றையும் மட்டுமே உண்டு அது நலமாக வாழ இயலாது. டாரின் என்னும் சத்து பூனையின் கண்ணுக்கும் இதயத்துக்கும் இன்றியமையாதது. இச்சத்து மீன், இறைச்சி ஆகியவற்றில்தான் கிடைக்கிறது. வேகவைத்து முள் நீக்கிய மத்தி, கோழியின் ஈரல், அவித்த முட்டை ஆகியவற்றைச் சிறிது சோற்றுடன் பிசைந்து கொடுக்கலாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்த அணுக்களைச் சிதைக்கும். ஆகையால் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோற்றைப் போடலாகாது.

பால் பூனைக்கு உகந்த உணவு என்பதும் முற்றிலும் சரியன்று. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பசும்பாலில் உள்ள சர்க்கரை செரிப்பதில்லை, கழிச்சல் உண்டாகும். பாலைக் காட்டிலும் தூய நீரே முதன்மையானது. அகன்ற மண்சட்டியில் நிழலில் நீர் வைத்து நாள்தோறும் மாற்ற வேண்டும். மாலையில், பொழுது சாயுமுன் உணவளித்தால் பூனை இருட்டுவதற்குள் கொட்டகைக்கு வந்துவிடும். அப்போதே எத்தனை வந்தன, எது நொண்டுகிறது, எது உண்ணவில்லை என்பதையும் கண்டுகொள்ளலாம். எஞ்சிய உணவை அகற்றிவிட வேண்டும். இல்லையெனில் அதுவே தெருநாய்களையும் பெருச்சாளிகளையும் அழைக்கும்.

எலி நஞ்சும் பூச்சிமருந்தும்

களத்துப் பூனைகளின் சாவுக்குக் காரணமானவற்றுள் நஞ்சு முதன்மையான ஒன்று. இதன் வழியைச் சற்று விளக்கிக் கூறுவோம்.

கடைகளில் கட்டிகளாக விற்கப்படும் புரோமடையலோன் போன்ற நஞ்சு, எலியின் இரத்தம் உறையாமற் செய்து கொல்வது. உண்ட எலி உடனே சாவதில்லை. சில நாட்கள் தளர்ந்து நடமாடுகிறது. அவ்வாறு தளர்ந்த எலியைத்தான் பூனை எளிதிற் பிடிக்கிறது. எலியின் ஈரலில் தங்கிய நஞ்சு பூனையின் உடலில் ஏறுகிறது. ஈறு வெளுத்தல், மூக்கிலோ மலத்திலோ இரத்தம் காணுதல், மூச்சுத் திணறுதல் ஆகியவை அதன் அறிகுறிகள். காலம் தாழ்த்தாமல் கொண்டு சென்றால் கால்நடை மருத்துவர் வைட்டமின் கே மருந்தால் காப்பாற்றக் கூடும். துத்தநாகப் பாஸ்பைடு என்னும் கறுப்புத் தூள் நஞ்சு வயிற்றில் நச்சுவாயுவாக மாறிக் கொல்லுகிறது. அதற்கு முறிவு மருந்து இல்லை.

எம் சுற்றுப்பயணத்தில் ஓர் ஊரில் கண்டது இங்குக் குறிப்பிடத்தக்கது. விதைக்கடலையைக் காக்கக் கொட்டகை முழுவதும் நஞ்சு வைத்தார் ஓர் உழவர். ஒரு வாரத்தில் எலிகள் பல மடிந்தன; குட்டிகளுக்குப் பாலூட்டிக் கொண்டிருந்த அவருடைய பூனையும் மடிந்தது. தாயின்றி நான்கு குட்டிகளும் இறந்தன. மூன்று மாதத்திற்குள் சுற்றுப்புறத்து எலிகள் அக்கொட்டகையில் மீண்டும் குடியேறின. பிடிக்கப் பூனையோ இல்லை. “மருந்துக்குக் காசும் போயிற்று, பூனையும் போயிற்று” என்று அவர் கூறினார். எலியை அழிக்கக் கருதிய செயல் எலியின் பகைவனையே அழித்தது.

ஆகவே, பூனை உள்ள களத்தில் நஞ்சைத் தவிர்த்துக் கிட்டியையும் கூண்டுப்பொறியையும் கையாள்வதே சிறந்தது. கிட்டியைப் பூனை நடமாடும் வழியில் வைக்காமல் வளையின் வாயிலில் வைக்க வேண்டும். நஞ்சு வைத்தே தீரவேண்டிய நிலை வந்தால், அந்நாட்களில் பூனைகளை அறையில் அடைத்து வைப்பதும், ஒவ்வொரு காலையிலும் செத்த எலிகளைத் திரட்டி ஆழக் குழிதோண்டிப் புதைப்பதும் கட்டாயம். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை மனித உயிர்களையே மிகுதியாகக் கொள்ளை கொண்டமையால் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டுள்ளது. அதனை எவ்வகையிலும் வாங்கலாகாது.

மற்றுமொரு தீங்கும் உண்டு. மாட்டு உண்ணிக்குத் தெளிக்கும் மருந்தை, மிச்சம் இருக்கிறதே என்று பூனைக்கும் பூசுவோர் உளர். பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் போன்றவற்றை முறிக்கும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. அவை பட்டால் நடுக்கமும் வலிப்பும் கண்டு இறக்கும். காய்ச்சலுக்கு நாம் உண்ணும் பாரசிட்டமால் மாத்திரையும் அதற்கு உயிர்க்கொல்லியே. பயிருக்கு மருந்து தெளித்த கலங்களை மூடி வைத்தல் வேண்டும். சிந்திய மருந்தை மிதித்த பூனை தன் காலை நக்கியே நஞ்சுண்ணும்.

கிணறு, வைக்கோற்போர், இயந்திரம்

சுற்றுச்சுவர் இல்லாத பாசனக் கிணறு பூனைக்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து. சுவர் கட்டும்வரை வலையாவது போட வேண்டும். கிணற்றுக்குள் ஒரு மரக்கட்டை மிதக்கவும் முடிச்சிட்ட தடித்த கயிறு தொங்கவும் விட்டால், விழுந்த உயிர் பற்றிக்கொள்ள வாய்ப்புண்டு. வாய் திறந்த நீர்த்தொட்டியில் ஒரு சாய்பலகை வைக்கலாம்.

தாய்ப்பூனை குட்டி போடத் தேர்வது வைக்கோற்போரின் அடி, பருத்தி மூட்டைகளின் இடுக்கு, பம்புசெட்டு அறையின் மூலை, நிறுத்தி வைத்த டிராக்டரின் அடிப்பாகம் ஆகியவையே. ஆகையால் போரிலிருந்து வைக்கோலை உருவுமுன் சுற்றிப் பார்க்க வேண்டும். டிராக்டரையோ கதிரடிக்கும் இயந்திரத்தையோ இயக்குமுன் அதன் மூடியைக் கையால் இருமுறை தட்டி ஒலி எழுப்புவதை ஓட்டுநர் வழக்கமாக்கிக் கொள்ள வேண்டும். குளிர்ந்த இரவுகளில் இயந்திரத்தின் வெப்பத்தை நாடிப் பூனை உள்ளே புகுந்திருக்கும். நொடிப்பொழுது ஆகும் இச்செயலால் ஓர் உயிரும், இயந்திரத்தின் வாரும் தப்பும்.

குட்டிகளைக் காக்கும் வகை

பூனையின் சினைக்காலம் ஏறத்தாழ 63 முதல் 65 நாட்கள். வயிறு பருத்துக் காம்புகள் சிவந்தவுடன், அமைதியும் இருளும் உள்ள மூலையில், பக்கங்கள் ஒரு சாண் உயரமுள்ள பெட்டியைத் தரையில் வைத்துவிட வேண்டும். பரண்மேல் ஈன்றால், தவழத் தொடங்கும் மூன்றாம் வாரத்தில் குட்டிகள் கீழே விழும்.

பிறந்த குட்டியின் எடை சுமார் 100 கிராம். அதற்குக் கண் திறக்க 7 முதல் 14 நாட்கள் ஆகும். முதல் மூன்று, நான்கு வாரங்கள் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள அதனால் இயலாது. தாயின் அணைப்பும் உலர்ந்த படுக்கையுமே அதற்கு உயிர். ஈரத்தில் கிடக்கும் குட்டி பசியால் சாவதற்கு முன் குளிரால் சாகும்.

அந்நாட்களில் குழந்தைகள் கூட்டமாகச் சென்று குட்டிகளைத் தூக்கிப் பார்ப்பதைத் தடுக்க வேண்டும். இடைஞ்சல் மிகுந்தால் தாய் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி வேறிடம் கொண்டு செல்லும். புதிய இடம் பாம்போ கீரியோ நாயோ எட்டும் இடமாக இருக்கக்கூடும். கடுவன் பூனை குட்டிகளைக் கொல்வதும் உண்டு. ஆதலின் அதனை அந்த அறைக்குள் விடலாகாது.

தனித்துக் கிடக்கும் குட்டிகளைக் கண்டவுடன் எடுத்துவரக் கூடாது. தாய் இரை தேடச் சென்றிருக்கும். தொலைவில் நின்று சில மணி நேரம் பார்த்து, தாய் வாராது என்று உறுதியான பின்னரே எடுக்க வேண்டும். எடுத்த குட்டி குளிர்ந்திருந்தால் முதலில் துணியில் சுற்றி, வெந்நீர் நிரப்பித் துணி சுற்றிய குப்பியை அருகில் வைத்து மெல்ல வெப்பமூட்ட வேண்டும்; குளிர்ந்த உடலில் பால் செரிக்காது. பூனைக்குட்டிகளுக்கென விற்கப்படும் பால்மாவைக் கரைத்து, முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, குட்டி குப்புறப் படுத்த நிலையிலேயே ஊட்ட வேண்டும். மல்லாக்கப் பிடித்து ஊட்டினால் பால் நுரையீரலில் புகும். ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான ஈரத்துணியால் அடிவயிற்றின் கீழ் மெல்லத் தடவினால்தான் மலமும் சிறுநீரும் வெளிப்படும். தாய் தன் நாவால் செய்யும் பணி இதுவே.

நான்காம் வாரம் முதல் மசித்த மீனையும் முட்டையையும் சிறிது சிறிதாகப் பழக்கலாம். எட்டாம் வாரத்தில் தாய்ப்பால் மறக்கும். இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரையுள்ள காலத்தில், கண் திறந்தபின், நாள்தோறும் சற்று நேரம் மனிதர் கைபட்டு வளரும் குட்டி, பிற்காலத்தில் அஞ்சாமல் பிடிபடும். மருத்துவம் செய்வதும் எளிதாகும். அக்காலம் கடந்தால் அது காட்டுத்தன்மை பெறும்.

நோய்த் தடுப்பு

வெறிநோய் நாய்க்கு மட்டும் உரியதென்று எண்ணலாகாது. வெறிநாய் கடித்த பூனையும் வெறிகொள்ளும். அதன் கடியாலும் கீறலாலும் மனிதருக்கு நோய் வரும். அறிகுறி தோன்றிய பின் இந்நோயிலிருந்து பிழைத்தோர் மிக அரியர். ஆனால் தடுப்பதோ முற்றிலும் நம் கையில் உள்ளது. வெறிநோய்த் தடுப்பூசியை 1885-ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர் மனிதருக்கு முதன்முதல் செலுத்தினார். நமது குன்னூரில் 1907-ஆம் ஆண்டிலேயே அவர் பெயரால் ஒரு நிலையம் அமைந்தது. இத்துணைக் காலத்திற்குப் பின்னும் ஒருவர் இந்நோயால் இறப்பாராயின், அது அறியாமையால் நேர்ந்ததே ஆகும்.

பூனைக்கு மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பின் மருத்துவர் குறிக்கும்படி, பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை, மீண்டும் போட வேண்டும். பூனை கடித்தாலோ கீறினாலோ புண்ணை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் முதலியவற்றை அப்பலாகாது. அன்றே ஆரம்ப சுகாதார நிலையம் சென்று ஊசி போட்டுக்கொண்டு, மருத்துவர் குறிக்கும் நாட்களில் தவறாமல் மீண்டும் செல்ல வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இதற்குக் கட்டணம் இல்லை.

குட்டிகளைக் கூட்டமாக அழிப்பது வாந்தியும் கழிச்சலும் உண்டாக்கும் பூனைக்கொள்ளை நோய். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி அதற்கான தடுப்பூசி போடலாம். குடற்புழு மருந்தையும் மருத்துவர் கூறும் அளவிலேயே கொடுக்க வேண்டும்.

பூனையின் மலத்தால் டாக்சோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரி பரவுவதுண்டு. கருவுற்ற பெண்களுக்கும், சினையாடுகளுக்கும் இது கருச்சிதைவை உண்டாக்கக்கூடும். மலத்தில் வெளிப்பட்ட இவ்வுயிரி நோய் பரப்பும் நிலையை அடைய ஒரு நாள் முதல் ஐந்து நாள் வரை ஆகும். ஆகவே நாள்தோறும் மலத்தை அகற்றிப் புதைத்துவிட்டால் தீங்கு பெரிதும் குறையும். அப்பணியைக் கருவுற்றோர் செய்யலாகாது. புண்ணாக்கு, தவிடு, தீவனம் ஆகியவற்றை மூடி வைத்தல் வேண்டும்.

பெருக்கத்தை அடக்குதல்

பெட்டைப் பூனை நான்கைந்து மாத வயதிலேயே சினைப்படக் கூடும். குட்டிக்குப் பாலூட்டும்போதே மறுமுறை சினையாவதும் உண்டு. ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று ஈற்று, ஈற்றுக்கு நான்கு குட்டி என்று கொண்டால், ஒரே பூனையால் எட்டு முதல் பன்னிரண்டு குட்டிகள் பெருகும். இத்தனைக்கும் உணவிட எவராலும் இயலாது. எனவேதான் குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தைத் திடலிலும் ஊர் எல்லையிலும் விட்டுவரும் கொடிய வழக்கம் வேரூன்றியது. பால் மறவாத குட்டிகள் அங்கே இரண்டொரு நாளில் நாய்க்கும் காக்கைக்கும் இரையாகின்றன. உயிரினங்களைப் பசியாலும் தாகத்தாலும் துன்புறும்படி கைவிடுதல் 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அச்சட்டம் வருவதற்குப் பாராளுமன்ற மேலவையில் குரல் கொடுத்தவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது.

இதற்கு நேர்மையான தீர்வு கருத்தடை அறுவையே. ஐந்தாம் மாதத்தை ஒட்டிச் செய்துவிடலாம். ஈன்ற தாய்க்கு, குட்டிகள் பால் மறந்த பின் செய்யலாம். அறுவை செய்த பூனை எலி பிடிப்பதை விட்டுவிடும் என்ற அச்சத்திற்குச் சிறிதும் அடிப்படை இல்லை. கடுவன் அலைந்து திரிவதும் சண்டையிட்டுப் புண்படுவதும் குறையும். பெட்டை களத்திலேயே தங்கும்.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

ஒரு வீட்டார் மட்டும் முயன்று இதில் முழுப்பயன் காண இயலாது. தடுப்பூசி போட்ட பூனை ஒன்றும் போடாத நாய்கள் பத்தும் உள்ள தெருவில் வெறிநோய் அகலாது. ஆகவே பஞ்சாயத்து உறுப்பினர்கள் பின்வருவனவற்றை மேற்கொள்ள வேண்டுகிறோம்.

1. கிராம சபைக் கூட்டத்தில் இப்பொருளை எடுத்துரைத்து, ஊரில் உள்ள நாய், பூனைகளின் கணக்கைத் தெருவாரியாக எடுத்தல்.

2. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துடன் பேசி, ஆண்டுக்கு ஒருமுறை வெறிநோய்த் தடுப்பூசி முகாமும், இயன்றபோது கருத்தடை முகாமும் நடத்தச் செய்தல்.

3. சுற்றுச்சுவரற்ற கிணறுகளைக் கண்டு, உரியவர்களைக் கொண்டு சுவரோ வலையோ அமைக்கச் செய்தல்.

4. இறைச்சிக் கடைக் கழிவும் குப்பையும் தெருவில் சேராமல் அகற்றுதல். கழிவு குறைந்தால் எலியும் தெருநாயும் குறையும்.

5. எலி நஞ்சைப் பலர் ஒரே காலத்தில் வைக்க நேர்ந்தால், நாளை ஒலிபெருக்கி மூலம் முன்னறிவித்தல்.

6. கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கும் 1962 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் எழுதிவைத்தல்.

இவற்றுள் பெருஞ்செலவு பிடிப்பது ஏதுமில்லை. வேண்டுவது சிறிது கவனமும் ஊரார் ஒற்றுமையுமே. இரவெல்லாம் நாம் உறங்க, நம் விளைச்சலுக்குக் காவல் நிற்கும் அச்சிறு உயிருக்கு ஒரு பெட்டி, ஒரு சட்டி நீர், ஒரு கவளம் உணவு, ஓர் ஊசி ஆகிய நான்கையும் அளிப்பது நம் கடமை. அடுத்து வரும் அறுவடைக்குள் ஒவ்வொரு களத்திலும் இவற்றைத் தொடங்கிவிட்டால், பத்தாயத்து நெல்லும் வீட்டுக் குழந்தைகளும் ஒருசேரக் காக்கப்படுவர்.